எலும்புச் சங்கத்தின் கடைசிக் கூட்டம்

விழுப்புரத்தில் வண்டி மாறி உட்கார்ந்ததும் எதிரில் இருந்த அம்மாள், "நீங்க மலையாளமா?" என்று கேட்டார். இந்தியாவுக்கு வரும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். நான் யாழ்ப்பாணம், பேசுவது தமிழ்தான் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஆமா, கவனிச்சுக் கேட்டா தமிழ் மாதிரிதான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டார்.

அவருடைய காதுகள் வெறுமையாக இருந்தன. சீனாவோடு சண்டை என்று ஊரில் நகை திரட்டினார்களாம். தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். "மூக்குத்தியும் கேட்டாங்க. இது எங்கம்மா போட்டிருந்தது, தரமாட்டேன்னுட்டேன்" என்று மூக்கைத் தொட்டுக்காட்டினார். வண்டி புதுச்சேரி போய்ச் சேரும்வரை எனக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார்.

1962ஆம் ஆண்டின் கடைசி அது. விடாத மழை. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு பார்க்கும் டாக்டர் நான். வருஷத்துக்கு ஒரு முறை கடல் தாண்டி வந்து, புதுச்சேரியில் எங்கள் சங்கத்தின் கூட்டத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவது வழக்கம். கடலோர எலும்பு மூட்டு ஆய்வுக் கழகம் என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் எல்லாருக்கும் அது எலும்புச் சங்கம்.

ஒவ்வொரு முறையும் சங்கத்தின் தலைவர் டாக்டர் சவரிராயன் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ரயிலடிக்கு வந்து நிற்பார். இந்த முறை அவரைக் காணவில்லை. அவர் வீட்டுப் புஷ்புஷ் வண்டி மட்டும் நின்றது.

அந்த வண்டியை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. சக்கரம் வைத்த நாற்காலி என்று சொல்லலாம். ஒருவர் பின்னால் நின்று தள்ளுவார். முன்சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடி, உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கும். சவரிராயன் ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தெரிந்தவர்களுக்குத் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போவார். ஊரில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து வெகுகாலம் ஆகியும் அவர் இதை விடவில்லை.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். வண்டிக்காரர் பின்னாலிருந்து, "சோத்தாங் கைப் பக்கம் திருப்புங்கம்மா!" என்றார். திருப்பினேன். கைப்பிடி படகுச் சுக்கான்போல எதிர்ப்பக்கம் வேலை செய்வதாம், வண்டி இடது பக்கம் போனது. ஒரு காய்கறிக்காரரின் கூடை வரிசைக்குள் புகுந்து, பூசணிக்காய் ஒன்றின் மேல் ஏறி நின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். "முசே சவரிராயன் வூட்டு வண்டியா? பரவால்லம்மா, எறங்குங்க" என்று அவரே கைகொடுத்தார். மீதித் தூரத்தை மழையில் நடந்தே போனேன்.

வாய்க்கால் தாண்டி, கடலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. வாசலில் சவரிராயனின் மனைவி நின்றிருந்தார். சவரிராயனை முசே என்பதுபோல் ஊரில் எல்லாரும் அவரை மதாம் என்பார்கள், நானும் அப்படித்தான். "பாத்து வாங்க டாக்டர், ஆணி கெடக்குது" என்றார்.

கூடத்தில் மரப்பெட்டிகள். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. உணவு மேசையைத் தவிர மற்ற சாமான்கள் எல்லாம் வைக்கோலும் சாக்குமாகக் கட்டப்பட்டிருந்தன.

"எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

"பிரான்சுக்கு. உங்களுக்கு அவர் எழுதலியா?" மதாம் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார். "எழுதியிருக்க மாட்டார்."

*

அன்று மதியச் சாப்பாட்டில் ரொட்டியும் வஞ்சிரமீன் குழம்பும் இருந்தன. எங்கள் ஊரில் ரொட்டி என்றால் தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிச் சுடுவது; கடையில் சுடும் ரொட்டியைப் பாண் என்போம், தேங்காய்ச் சம்பலோடு தின்போம். இங்கே விறகடுப்பில் சுட்ட நீள ரொட்டியைப் பிய்த்து, வடகம் தாளித்த குழம்பில் தோய்க்கிறார்கள். முதல் வருஷம் இது ஒட்டாத சேர்க்கையாகப் பட்டது. பிறகு ஒவ்வொரு வருஷமும் இந்தச் சாப்பாட்டை எண்ணிக்கொண்டே கப்பலேறினேன்.

சவரிராயன் வந்து உட்கார்ந்தார். பெரிய உருவம், பெரிய கைகள். அந்தக் கைகளால் தோள்மூட்டு நழுவியவர்களுக்கு ஒரே இழுப்பில் பொருத்திவிடுவார். இன்று ரொட்டியை வெறுமனே பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய மகன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தான். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களின் சண்டை முடியும் தறுவாயில் அவன் போன லாரி கண்ணிவெடியில் சிக்கியது. இப்போது பிரான்சில் துலோன் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"தொடையெலும்பு. நடுவுல நொறுங்கிப் போச்சு" என்றார் சவரிராயன். "மூணு தடவை கத்தி வெச்சுட்டாங்க. ஒட்டல. சீழ் வேற. காலை இடுப்போட எடுத்துடலாமான்னு கேட்டு எழுதியிருக்காங்க." யாரோ ஒரு நோயாளியைப் பற்றி தனக்கு மேலுள்ள டாக்டரிடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். மதாம் எழுந்து உள்ளே போனார்.

இந்த வருஷம் ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று சொன்னார்கள். இவர்கள் இருவரும் எழுதிக்கொடுத்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"அப்ப சங்கம்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நாளைக்குக் கூட்டத்துல பேசலாம், டாக்டர்" என்றார்.

*

சங்கம் பிறந்தது ஓர் இருமலால். பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊர் கைமாறியது 1954இல்; அதற்கு அடுத்த வருஷம், நல்லவாடு என்ற கடலோரக் கிராமத்திலிருந்து அஞ்சலை என்ற மீன்காரப் பெண் இருமலோடு சவரிராயனின் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை. ஆனால் படத்தின் மேல் ஓரத்தில் கழுத்தெலும்புகள் கொஞ்சம் பதிவாகியிருந்தன. முப்பது வயதுக்காரியின் கழுத்தில் எழுபது வயதுத் தேய்மானம். சவரிராயன் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்ததாக மதாம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்கள் சிறு வயதிலிருந்தே தலையில் மீன்கூடை சுமக்கிறவர்கள். நல்லவாட்டிலிருந்து தவளக்குப்பம், அங்கிருந்து முதலியார்பேட்டை, சில நாள் அதற்கும் அப்பால். இவ்வளவு தேய்ந்த கழுத்தோடு எப்படி வலியில்லாமல் நடக்கிறார்கள்? சுமை எலும்பைக் கெடுக்கிறதா, இறுக்கிப் பலப்படுத்துகிறதா? கடைசியில் என்ன ஆகும்? அவர் கேட்டுப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை. காரைக்கால், கடலூர், நாகப்பட்டினம் என்று கடலோர ஊர் டாக்டர்களுக்கெல்லாம் எழுதினார். எனக்கும் எழுதினார். எங்கள் பக்கத்தில் மீன் விற்பவர்கள் சைக்கிளில் போகும் ஆண்கள். பெண்கள் கூடை சுமப்பது குறைவு. சுமப்பவர்களையும் சுமக்காதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் அவருக்கு நான் வேண்டும், எனக்கு அவர் வேண்டும்.

முதல் கூட்டத்தில் பாதி நாள், எந்த மொழியில் பேசுவது என்பதிலேயே போனது. காரைக்கால்காரர் பிரெஞ்சு என்றார். கடலூரிலிருந்து வந்த கோவிந்தராஜன் என்ற இளம் டாக்டர் ஆங்கிலம் என்றார். தமிழில் பேசலாமே என்று நான் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அன்று மாலை தமிழில்தான் பேசினார்கள்.

எலும்பு மெல்லத் தேய்வது. ஆகவே நல்லவாட்டுப் பெண்கள் நாற்பது பேரைப் பத்து வருஷம் விடாமல் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆண்டுதோறும் கூட்டத்துக்கு மறுநாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நாங்கள் படம் எடுப்போம், கழுத்தை அளப்போம், கேள்வி கேட்போம், மதியச் சாப்பாடு போடுவோம். முதல் வருஷம் மீன் குழம்பு வைத்தோம். "தெனமும் அதுங்க மூஞ்சியிலதான முழிக்கிறோம். கறிச்சோறு போடுங்க" என்று அஞ்சலை சண்டை பிடித்தாள். அடுத்த வருஷத்திலிருந்து கறிச்சோறு. நல்ல சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்கு வருவதுபோல் பேருந்தில் வந்து இறங்குவார்கள்.

பத்து வருஷத்தில் ஐந்து முடிந்திருந்தது.

*

இரண்டாம் நாள் கூட்டம். ஆஸ்பத்திரி மாடியில் கடல் தெரியும் ஓர் அறை. பதினான்கு பேர் வரை சேர்ந்திருந்த சங்கத்தில் அன்று ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுங்கியது, திறந்தால் மழை அடித்தது. திறப்பதும் சாத்துவதுமாகவே காலை போனது.

செயலாளர் கோவிந்தராஜன்தான். ஆறு வருஷத்தில் அவருக்கு முன்தலை ஏறியிருந்தது, பேச்சில் தெளிவும் ஏறியிருந்தது. நாடு முழுவதற்குமான பெரிய எலும்பு மருத்துவச் சங்கம் ஒன்று இருக்கிறது. நம்முடையதைக் கலைத்துவிட்டு எல்லாரும் அதில் சேர்ந்துவிடலாம் என்பது அவர் கொண்டுவந்த தீர்மானம்.

"நல்லவாட்டு ஆய்வு?" என்று கேட்டேன்.

"அங்க அதை எடுக்க மாட்டாங்க டாக்டர். நான் விசாரிச்சுட்டேன். அவங்களுக்கு வேண்டியது அறுவைச் சிகிச்சை. உலோகத் தகடு, புது இடுப்பு மூட்டு. மீன்காரம்மா கழுத்து எப்படித் தேயுதுன்னு பத்து வருஷம் உக்காந்து பாக்கறதுக்கு அங்க ஆள் இல்ல."

"இங்கை இருக்கினமே."

"இங்க யாரு? முசே போறார். காரைக்கால்காரரும் போறார். கோரிமேட்டுல பெரிய ஆஸ்பத்திரி கட்டறாங்க, அங்க வர்றவங்க புது ஆளுங்க. நான் கடலூர்ல ஒத்தை ஆளு, காலையில போனா சாயங்காலம் வரைக்கும் கட்டுப் போட்டுட்டே இருக்கேன். நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை கடல் தாண்டி வர்றீங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க, யாரு செய்யறது?"

அவர் கெட்டவர் அல்லர். கேட்டதில் தவறும் இல்லை. எங்கள் நாட்டில் பயணத்துக்கான வெளிநாட்டுப் பணம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் வர முடியுமா என்று எனக்கே தெரியாது.

காரைக்கால்காரர் எழுந்து பிரெஞ்சில் வெகுநேரம் பேசினார். பக்கத்திலிருந்தவர் எனக்குச் சுருக்கிச் சொன்னார்: "நாம் ஒரு கேள்வியைப் பெற்றெடுத்தோம், வளர்க்க முடியவில்லை, கொல்லாமலாவது இருக்கலாம் என்கிறார்." அவர் உட்கார்ந்ததும், கலைப்பதற்குச் சம்மதம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். கோவிந்தராஜன் தூக்கினார். இன்னும் இருவர். பிறகு சவரிராயன் தன் பெரிய கையைத் தூக்கினார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்: "நீங்களுமோ?"

"நான் இல்லாம இது நடக்காதுன்னு சொல்லிக்க எனக்கு ஆசைதான்" என்றார். "ஆனா பாதி உசுரோட விட்டுட்டுப் போனா, அந்தப் பொண்ணுங்க வருஷா வருஷம் வந்து ஏமாந்து போவாங்க. முடிச்சுட்டா முடிஞ்சது."

"அவைக்குச் சொல்லியாச்சோ? நாளைக்கு வராதேயுங்கோ எண்டு?"

அவர் கடலைப் பார்த்தார். அவர்களிடம் சொல்வதற்காக இரண்டு முறை கிளம்பினாராம். இரண்டு முறையும் தவளக்குப்பம் கூட்டுரோடுவரை போய், இறங்கி, அங்கே கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பி வந்துவிட்டாராம்.

*

மூன்றாம் நாள் காலை அவர்கள் வந்துவிட்டார்கள்.

நான் போகும்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கப் பூ வாசனை. அந்த மழையிலும் நாற்பது பேரில் இருபதுக்கு மேல் வந்திருந்தார்கள். எக்ஸ்ரே அறை எங்களுக்கு ஒதுக்கப்படவில்லை. சாப்பாடு சொல்லவில்லை. கோவிந்தராஜன் ஒரு தூணருகில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை என்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்க நம்ம ஓம் டாக்டரு!" என்றாள். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி நான் எதற்கெடுத்தாலும் 'ஓம்' என்பேன். முதல் வருஷம் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்தாளாம்.

"பெரிய டாக்டரு எங்க? கறிச்சோறு வாசனையே காணோமே!"

சங்கம் கலைந்துவிட்டது என்று கோவிந்தராஜன்தான் சொன்னார். நிதானமாக, அவர்களுக்குப் புரியும்படி சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சங்கம் கலைஞ்சா என்னா? கழுத்து இருக்குதில்ல. பாருங்க" என்றாள் அஞ்சலை.

பார்த்தோம். படம் எடுக்க வழியில்லை. கைகளும் ஒரு தையல்நாடாவும்தான். தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கழுத்தைத் திருப்பினோம், குனியவைத்தோம், கையைப் பிடித்துப் பார்த்தோம். மதாம் செய்தி கேட்டு, இரண்டு கூடை ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அஞ்சலை கடைசியாக உட்கார்ந்தாள். எல்லாரையும் முதலில் அனுப்பிவிட்டுத் தான் பின்தங்கியது எனக்குப் புதிதாகப் பட்டது. எப்போதும் முதல் ஆள் அவள்தான்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கை மரத்துப் போவுதும்மா. அருவாமனையில மீனை வெச்சா நழுவுது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியல, மவதான் மாட்டி வுடறா. நடந்தா தரை பஞ்சு மாதிரி இருக்குது."

"எப்ப தொடக்கம்?"

"ஆடி மாசத்துலேர்ந்து. நீங்கள்லாம் வருவீங்கல்ல, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

அவளுடைய நடுவிரலைப் பிடித்து நகத்தைச் சுண்டினேன். கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. மறு கையிலும் அப்படியே. தலையைக் குனியச் சொன்னேன். "ஐயோ, முதுவுல கரண்டு அடிக்குது!" என்று நிமிர்ந்தாள். கோவிந்தராஜனைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. தேய்ந்த எலும்பு உள்ளே வளர்ந்து தண்டுவடத்தை நெரிக்கிறது. கடைசியில் என்ன ஆகும் என்று ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோமே, அதன் பதில் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று காலை விரலைச் சுண்டிப் பார்த்த பெண்களில் இன்னும் இருவருக்குக் கட்டைவிரல் இலேசாகத் துடித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதாம் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு ஆளனுப்பினார். சவரிராயன் வீட்டுச் சட்டையோடு, தொப்பி இல்லாமல் வந்தார். அஞ்சலையின் முன்னால் தரையில் மண்டியிட்டு, அவளுடைய விரல்களையும் முழங்காலையும் பாதத்தையும் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் அவளுடைய கையைத் தன் கைக்குள் வைத்திருந்தார்.

"இன்னா டாக்டரே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"கழுத்துல கத்தி வெக்கணும் அஞ்சலை. மெட்ராஸ் போவணும். இனிமே தலையில சுமக்கக் கூடாது."

"அப்ப நான் எதால பொழைக்கிறது?"

அவர் மதாமிடம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மதாமும் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிற்பாடு என்னிடம் அதைத் தமிழில் சொன்னது மதாம்தான். அவர், "ஆறு மாதம் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டாராம். "நீங்கள் இருங்கள். நான் போகிறேன். காலை எடுக்கும்போது அவன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்" என்று மதாம் சொன்னாராம். கோபமாகச் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

*

நான்காம் நாள் சவரிராயன், கோவிந்தராஜன், நான் மூவரும் நல்லவாட்டுக்குப் போனோம். அஞ்சலையின் வீட்டுக்காரர் மெட்ராஸ் வேண்டாம் என்கிறார் என்று காலையில் செய்தி வந்திருந்தது. சங்கம் இருந்த வருஷங்களில் அவர்கள்தான் எங்களிடம் வந்தார்களே தவிர, நாங்கள் ஒருமுறைகூட அவர்களிடம் போனதில்லை. பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது இதை நினைத்து வருந்தினேன்.

அரியாங்குப்பம் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். சேற்றில் கோவிந்தராஜனின் ஒரு செருப்பு புதைந்துபோனது. தேடிப் பார்த்துவிட்டு மற்றதையும் கழற்றி வைத்துவிட்டார். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் இறங்கியதும் சோடாக் கடைக்காரர், "வாங்க முசே, வழக்கம்போலத்தானா?" என்று கேட்டார். சவரிராயன் இல்லை என்று தலையாட்டிவிட்டு நிற்காமல் நடந்தார்.

ஊரில் கட்டுமரங்கள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தன. மழைக் கடல். அஞ்சலையின் வீட்டுக்காரர் எங்களுக்குப் பாய் போட்டார். மரியாதையாகவே பேசினார்.

"நீங்க கத்தி வெச்சா வெய்ங்க, பெரிய டாக்டரே. அஞ்சாறு வருசமா உங்களத் தெரியும். வேற ஆளுன்னா வேணாம். செத்தாலும் இங்கியே சாவட்டும்."

"நான் போறேம்பா. எம் புள்ளைக்குக் கால் போவப் போவுது" என்றார் சவரிராயன். அதுவரை யாரிடமும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "நான் இருந்தாலும் கழுத்துல வெக்க எனக்குத் தெரியாது. இதோ இவரோட வாத்தியாரு மெட்ராஸ்ல இருக்கார். அவருக்குத்தான் தெரியும்."

வீட்டுக்காரர் கோவிந்தராஜனின் சேறு படிந்த வெறுங்கால்களைப் பார்த்தார். "நீ கூட இருப்பியா சார்?"

"இருக்கேன். முழிச்சுக்கற வரைக்கும் பக்கத்துலயே இருக்கேன்" என்றார் கோவிந்தராஜன்.

வீட்டுக்காரர் இன்னும் தயங்கினார். உள்ளேயிருந்து அஞ்சலை வந்தாள். "எங் கழுத்து. நான் போறேன்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. எங்களுக்குச் சுட்ட கருவாடும் சோறும் வந்தன. சவரிராயன் தட்டைக் காலி செய்தார். அந்த நான்கு நாளில் அவர் முழுதாகச் சாப்பிட்டது அங்கேதான்.

கிளம்பும்போது பெண்கள் தெருமுனைவரை வந்தார்கள். கரண்டு அடிக்கிறதா, விரல் மரக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, மற்ற இரண்டு பெண்களையும் கோவிந்தராஜனிடம் அடையாளம் காட்டினேன். அவரால் இவ்வளவையும் பார்க்க முடியுமா என்று கேட்காமலே நடந்தேன்.

*

ஐந்தாம் நாள் நான் ஊர் திரும்பினேன். சவரிராயன் ரயிலடிக்கு வந்தார், தொப்பியோடு. "அவங்களுக்குச் சாப்பாடு போடாம அனுப்பிட்டோமே" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் அவர்கள் கப்பலேறினார்கள். மகனுக்குக் கால் போயிற்று, உயிர் தங்கியது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் மதாம் எழுதிவந்தார். பிறகு அதுவும் நின்றது.

அடுத்த வருஷம் எனக்கு இந்தியா போக அனுமதி கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. பிறகு நான் கப்பலிலிருந்து இறங்கும் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. சுமை சுமக்காத எங்கள் ஊர்ப் பெண்களின் கழுத்துப் படங்கள் என்னிடம் இருந்தன. சுமப்பவர்களின் படங்கள் புதுச்சேரியில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. அங்கே இருந்தவை உப்புக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்க முடியாமல் போய்விட்டன என்று கோவிந்தராஜன் சொன்னார்.

அவரைப் பல வருஷம் கழித்துக் கொழும்பில் ஒரு மாநாட்டில் சந்தித்தேன். பெரிய சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். தேநீர்க் கோப்பையோடு ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்தோம். அஞ்சலைக்கு மெட்ராசில் பின்கழுத்தைத் திறந்து எலும்பை எடுத்தார்கள். அவர் சொன்னபடியே பக்கத்தில் இருந்திருக்கிறார். கை முழுதும் திரும்பவில்லை, ஆனால் நடை திரும்பியது. தவளக்குப்பம் சந்தையில் உட்கார்ந்து விற்க ஆரம்பித்தாளாம். மற்ற இரண்டு பெண்கள்? அவர் தலையசைத்தார். ஒருத்தி படுத்த படுக்கையாகி இறந்தாள், இன்னொருத்தியைப் பற்றித் தெரியவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். சங்கம் கலைந்த மறுவருஷம், அதே மழை மாதத்தில், வேறு வேலையாக அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். தாழ்வாரத்தில் பூ வாசனை அடித்ததாம்.

"வந்திருந்தாங்க டாக்டர். யாரும் கூப்பிடல. பத்துப் பதினைஞ்சு பேர், நல்ல சேலை கட்டிக்கிட்டு. சோறு அவங்களே கட்டி எடுத்துட்டு வந்திருந்தாங்க. கையில எனக்கு ஒண்ணும் இல்ல, என்னன்னு போய் நிக்கறது? பின்வாசல் வழியாப் போயிட்டேன்."

கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துவிட்ட நான் அவரைக் குறை சொல்ல முடியாது.

"மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுப் போனாங்களாம்" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "அஞ்சலை முதல் பெஞ்சுல உக்காந்திருந்தா. டாக்டருங்க வந்தா பாக்கட்டும்னு, தழும்பு நல்லாத் தெரியற மாதிரி கொண்டையை ஒசரத் தூக்கிக் கட்டியிருந்தா."